பாதி விலைச் சுருதி

ஆர்மோனியப் பெட்டி வந்த அன்று அதை யாரும் தொடக்கூடாது என்று சொன்னவள் சாலோமிதான்.

கிருபாபுரத்தில் அப்படித்தான் வழக்கம். முதல் கதிர், முதல் வாழைக்குலை, முதல் ஈற்றுப் பால் எல்லாம் வேதக்கோயிலுக்குப் போய், பாதிரி ஐயர் ஜெபம் பண்ணின பிறகுதான் வீட்டுக்கு வரும். ஆர்மோனியத்தின் முதல் சத்தமும் ஆண்டவருக்குத்தான். உபதேசியார் மகள் இன்பமணி, பாளையங்கோட்டைப் பள்ளியில் ஆர்மோனியம் வாசிக்கப் படித்தவள், வெள்ளைத் துணியை விலக்கி ஒரு கட்டையை அமுக்கிப் பார்க்கக் கையை நீட்டினாள். சாலோமி அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"பொறு ளா. கிறிஸ்மஸுக்குப் பாத்துக்கலாம்."

"சுருதி சேருதான்னு மட்டும் பாக்கேன் மாமி."

"ஆண்டவருக்குத் தெரியாத சுருதியா உனக்குத் தெரிஞ்சிரப் போகு?"

இன்பமணி துணியை மூடிவிட்டாள்.

அந்தப் பெட்டி அரிசியில் வந்தது. உலை வைக்கும்போது வீட்டுக்கு வீடு பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். சனிக்கிழமைதோறும் சாலோமி ஓலைப்பெட்டியோடு போய் வாங்கி வருவாள். புருஷன் செத்ததிலிருந்து அவள்தான் அந்த வேலையைச் செய்கிறாள். ஆற்றில் தண்ணீர் வராமல் கார் நெற்பயிர் கருகிய வருஷத்திலும் எந்தக் கலயமும் காலியாக இருந்ததில்லை. பிள்ளைகளின் கஞ்சியில் தண்ணீரைக் கூட்டினார்கள். கைப்பிடியைக் குறைக்கவில்லை.

ஆர்மோனியம் வேண்டும் என்று கேட்டதும் பெண்கள்தான். கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுப்பவர் நேசையா மூப்பர். அவருக்குக் கட்டைக் குரல். பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருக்கும். அவர் தொடங்குகிற இடத்தில் பெண்களுக்குக் குரலே கிடையாது. இடப்பக்கம் பாயில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைத்துவிட்டு வருவார்கள். சாலோமி நடவுக்கு இறங்கிப் பாடினால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஏர் நிற்கும். கோயிலில் அவள் ஊமை. பெட்டி வந்தால் சுருதியை இன்பமணி வைப்பாள். மூப்பர் ஏறி வரட்டும்.

அரிசி விற்ற பணம் மூப்பர் கையில் இருந்தது. பாளையங்கோட்டையில் ஆர்மோனியம் செய்கிற ஆசாரி ஒருவர் இருந்தார். அவரிடம்தான் வாங்கவேண்டும் என்று இன்பமணி சொல்லி அனுப்பியிருந்தாள். மூப்பர் அவ்வளவு தூரம் போகவில்லை. டில்லியில் ராஜா முடிசூடிய மாதம் அது. வண்ணார்பேட்டையில் நாறும்பூநாதபிள்ளை கடையில் முடிசூட்டு விழாவுக்கு வந்த சாமானெல்லாம் பாதி விலை. ராஜா படம் போட்ட கிண்ணி, ராஜா படம் போட்ட கைக்குட்டை, ராஜா படம் ஒட்டிய ஆர்மோனியம்.

பாதி விலையில் பெட்டி. மீதிப் பாதியில் மூப்பர் கோயிலுக்கு ஒரு நாற்காலி வாங்கினார். தேக்கு. கைப்பிடியில் சிங்க முகம். அதைப் பீடத்துக்குப் பக்கத்தில் போட்டு அவரே உட்கார்ந்தார்.

"சபைக்கு ரெட்டை லாபம்லா" என்றார்.

கிறிஸ்மஸ் அன்று ஐயர் பெட்டியின் மேல் கை வைத்து நீளமாக ஜெபம் பண்ணினார். இன்பமணி துருத்தியை அசைத்தாள். முதல் வரி நன்றாகத்தான் போனது. சாலோமிக்குத் தொண்டை திறந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கோயிலில் அவள் குரல் அவளுக்கே கேட்டது.

இரண்டாம் வரியில் ஒரு கட்டை அமுங்கியது, எழும்பவில்லை. இன்பமணி நகத்தால் நிமிண்டினாள். அது எழும்பாமல் கத்திக்கொண்டே இருந்தது. மற்ற கட்டைகள் ஆளுக்கொரு சுருதியில் பேசின. சத்தத்தை அடக்கலாம் என்று முன்பக்கக் குமிழ் ஒன்றை இழுத்தாள். குமிழ் கையோடு வந்துவிட்டது. பின்னால் கம்பியும் இல்லை, துளையும் இல்லை. வெறும் பலகையில் வச்சிரம் வைத்து ஒட்டியிருந்தது. பாட்டு நின்றது. பரமண்டல ஜெபம் தொடங்கும்போது பெட்டிக்குள் மிச்சமிருந்த காற்று கன்றுக்குட்டி மாதிரி முனகி அடங்கியது.

ஆண்கள் பக்கத்தில் சிரிப்பு. மூப்பர் சிங்க முகத்தைப் பிடித்து எழுந்து நின்று, கட்டைக் குரலில் அடுத்த பாட்டை எடுத்தார்.

மறுவாரம் சாலோமி பெட்டியைத் தலையில் வைத்து வண்ணார்பேட்டைக்கு நடந்தாள். கடைக்காரர் நாறும்பூநாதபிள்ளை மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏம்மா, இத உங்க கோயில்ல வச்சு மந்திரம் சொல்லியாச்சாமே?"

"ஜெபம் பண்ணியாச்சு அண்ணாச்சி."

"அப்ப இது சாமி சொத்து. நான் திருப்பி வாங்கி ஒருத்தன் வீட்டுக்கு வித்தா, நாளைக்கு அவன் பிள்ளைக்கு மேலுக்குச் சேராம காய்ச்சல் வந்தாலும் என் வாசல்லதான் வந்து நிப்பான். வாங்கும்போது வாசிச்சுல்லா பாத்திருக்கணும்?"

ஐயரும் அதையேதான் சொன்னார். "ஆண்டவருக்குக் குடுத்தத எப்படிம்மா திருப்பிக் கேக்க?"

மூப்பர் சொன்னதைத்தான் சாலோமியால் பொறுக்க முடியவில்லை.

"நல்ல பெட்டி ளா அது. உங்க இன்பமணிக்கு வாசிக்கத் தெரியல. பொம்பளையளுக்கு எதுக்குப் பெட்டி? நான் எடுத்துக் குடுக்கேன், பின்னால பாடிட்டுப் போங்களேன்."

தை மாதப் பனியில் துருத்தி வாய் பிளந்தது. தோல் என்று சொன்னது மெழுகு பூசிய துணி. உள்ளே காகித அட்டை. அதில் அச்சடித்த ஏதோ ஒரு விளம்பரம். ராஜாவின் முகம் பாதி உரிந்து தொங்கியது. ஞாயிறுதோறும் பெட்டி ஒரு மூலையில் கிடக்க, மூப்பர் நாற்காலியிலிருந்து பாட்டு எடுத்தார். பெண்கள் வாயை அசைத்தார்கள். சாலோமி அதையும் நிறுத்தினாள். பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை அரிசிக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவாள்?

பிசான நெல் அறுப்பு முடிந்து அறுப்புப் பண்டிகை வந்தது. பூசணியும் சேவலும் நெற்கட்டும் பீடத்துக்கு முன்னால் வந்து குவிந்தன. ஜெபம் முடிந்ததும் எல்லாம் வெளியே வேப்பமரத்தடிக்கு ஏலத்துக்குப் போகும். இந்த ஊரில் ஏலம் நெல்லில்தான். கூறுகிறவர் நேசையா மூப்பர்.

பெண்கள் வரிசையில் கடைசியாக வந்தாள் சாலோமி. தலையில், கோயில் மூலையில் கிடந்த பெட்டி. மூடியின் மேல் ஒரு கைப்பிடி அரிசி.

"இது என்னம்மா?" என்றார் ஐயர்.

"காணிக்கை. ஆண்டவருக்குக் குடுத்த சேவல ஏலத்துல விக்கியள்லா ஐயரே?"

ஐயர் அவளைப் பார்த்தார். அரிசியைப் பார்த்தார். "விக்கத்தான் செய்யுதோம்" என்றார் மெல்ல.

வேப்பமரத்தடியில் மூப்பர் பூசணிக்காயை யானைத் தலை என்றார். கிழட்டுச் சேவலைப் பட்டாளத்துக்காரன் என்றார். பெட்டி முறை வந்ததும் வாய் மூடிக்கொண்டது.

"சொல்லும் மூப்பரே" என்றாள் ஒருத்தி. "பெட்டியோட பெருமையச் சொல்லும்."

யாரும் விலை கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒருவன், "கோழி அடைக்க ஆகுமா வே?" என்றான்.

சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு மூப்பர் சொன்னார்: "சரி, கெடந்துட்டுப் போகு. நானே எடுக்கேன். ஒரு மரக்கா நெல்லு."

"ரெண்டு கோட்டை" என்றாள் சாலோமி.

ஒரு கோட்டை என்றால் இருபத்தோரு மரக்கால். கூட்டம் திரும்பியது. அவளிடம் அவ்வளவு நெல் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். மூப்பர் இதோடு விட்டுவிட்டால் பெட்டியும் கடனும் அவள் தலையில். இன்பமணி அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏலத்துல பொம்பளைக்கு என்ன சோலி?" என்றார் மூப்பர்.

"பெட்டி பொம்பளையளோட அரிசி. நல்ல பெட்டின்னு சொன்னது நீரு." 'நீங்க' என்பதை விட்டு, சமமான ஆளைப் போல அவரை அவள் 'நீர்' என்றது அன்றுதான். "நல்ல பெட்டி ஒரு மரக்காலுக்கா போகும்? இல்ல, நீரு சொன்னது பொய்யா? ஊரு கேக்கு. சொல்லும்."

மூப்பர் ஐயரைப் பார்த்தார். ஐயர் பூசணியைப் பார்த்தார். வெயில் இலைகளுக்கு நடுவே மூப்பர் வழுக்கையில் விழுந்தது.

"ரெண்டரை" என்றார் மூப்பர்.

"மூணு."

"சாலோமி!"

"மூணு கோட்டை. விட்டுட்டீர்னா நான் எடுத்துக்கிடுதேன். ஆனா ஞாயித்துக்கிழமைதோறும் கோயில் வாசல்ல வச்சு, உள்ள இருக்க அட்டைய வார ஆளுக்கெல்லாம் பிரிச்சுக் காட்டுவேன்."

 சேவல் ஒருமுறை கூவியது.

"மூணேகால்" என்றார். தரையைப் பார்த்துச் சொன்னார்.

"மூப்பருக்கே இருக்கட்டும்" என்றாள்.  

கோபம் அதோடு தீரும் என்று நினைத்திருந்தாள். தீரவில்லை. கோயிலுக்குள் போனாள். போகும்போதே இரண்டு பெண்களைப் பார்த்துத் தலையை அசைத்தாள். மூவருமாக வெளியே வந்தபோது அவர்கள் கையில் சிங்க முகம் வைத்த தேக்கு நாற்காலி. அதை வேப்பமரத்தடியில், பெட்டி இருந்த இடத்தில் இறக்கினார்கள். மூடியில் இருந்த அரிசியை அள்ளி அதன் மேல் வைத்தாள்.

"ஏ, அது நான் உக்காருத நாற்காலி!"

"எங்க கலயத்து அரிசி வே. உமக்கு உக்கார வீட்டுல பாய் கெடக்கும்."

பெண்கள் பக்கத்தில் யாரோ கத்திச் சிரித்தாள். ஐயர், "ஏலத்தக் கூறும் மூப்பரே" என்றார்.

  மூப்பர் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அது அசைந்ததில் உள்ளே ஏதோ ஒன்று கழன்று உருண்டது.

"இன்பமணி, நீ தொடங்கி வை. ஒரு கோட்டைன்னு கேளு" என்றாள் சாலோமி.

"ஒரு கோட்டை" என்றாள் இன்பமணி.

மூப்பர் கூறவில்லை. சாலோமி நிமிர்ந்தாள். நடவு வயலில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரலில், தன் சுருதியில், கூறினாள்.

"ஒரு கோட்டை, ஒரு தரம்!"