ரிஜெக்ட் செய்த காலுறை

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் முப்பத்தொரு வருடம் செக்கிங் பார்த்தவன் நான். தையல் விட்டது, அளவு தப்பியது, ஊசி ஓட்டை எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. தப்பு இருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். என் இதயம் பலவீனமாகிக்கொண்டு வந்ததை மட்டும் நான் கண்டுபிடிக்கவில்லை. அது உள்பக்கத் தையல்.

போன வருடம் கால் வீங்கி மூச்சு வாங்கியபோது, இதயம் ரத்தத்தைத் தள்ளத் திணறுகிறது என்று டாக்டர் சொன்னார். மாத்திரையில் மூச்சு சரியாகிவிட்டது. சாயங்காலமானால் வருகிற கால் வீக்கம் மட்டும் போகவில்லை. அதனால் எனக்கு வந்த கஷ்டம் ஒன்றே ஒன்றுதான். போத்தனூரில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் கடைசி வரிசைக் கட்டைக்குரல் நான். குழுவை நடத்தும் ஜெஃபின் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டான்.

"உக்காந்தே பாடுங்க டேவிட்சன் அங்கிள். யாருக்கும் தெரியாதுங்க."

பிரச்சினையே அதுதான். என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். உட்கார்ந்தால் முன்வரிசைக்காரர்களின் முதுகுக்குத்தான் பாட வேண்டும். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு ஐந்து வாரம் இருந்தது. அன்றைக்காவது நின்று பாடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன்.

அவர் என் காலில் ரத்த ஓட்டத்தைச் சோதித்துவிட்டு, "அழுத்தக் காலுறை போட்டுப் பாக்கலாம். இதய நோயாளிங்க எல்லாருக்கும் இது ஆகாது, உங்களுக்கு ஆகும். வீக்கம் வத்துனா நில்லுங்க. இல்லீன்னா நாற்காலிதான்" என்றார். நர்ஸ் புவனா மறுநாள் காலையில் வரச்சொல்லி, கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து ஒரு ஜோடி கொடுத்தாள்.

அதை மாட்டிவிடுவது என் மனைவி ஞானாபரணத்தின் வேலை. காலையில் நான் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையோடு வந்துவிடுவாள்.

"ஏனுங்க, காலை விறைக்காதீங்க! இதென்ன ஒலக்கையா?"

கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அவள் என் காலைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அதுவரை நான்தான் பிடித்திருக்கிறேன். பத்து நிமிஷ மல்லுக்கட்டுக்குப் பிறகு அவள் விரல் மூட்டுகள் சிவந்திருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். கழற்றித் துவைத்த காலுறை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். இஞ்ச் டேப்பை எடுத்தேன். கணுக்காலில் ஒரே இறுக்கம். மேலே போகப்போகத் தளர்ச்சி. அடுத்ததைப் பார்த்தேன், அதுவும் அப்படியே. மெஷின் ஓட்டினவன் தூங்கிவிட்டான் என்று முடிவு கட்டினேன். பாவம், இந்தத் தப்பினால்தானே என் மனைவியின் விரல் சிவக்கிறது!

இரண்டு காலுறையின் கணுக்கால் பகுதியையும் எவர்சில்வர் சொம்பின் மேல் இழுத்து மாட்டி, ஈரத்துணி போட்டு, சுடச்சுட இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினேன். கடைசியில் மேலும் கீழும் ஒரே தளர்ச்சி. கம்பெனியில்கூட அவ்வளவு சிரத்தையாக வேலை செய்ததில்லை.

மறுநாள் அது வெண்ணெய் மாதிரி ஏறியது. "கை பழகிப்போச்சுங்க எனக்கு" என்று ஞானாபரணம் பூரித்துப்போனாள். நான் இன்னொரு காலையும் நீட்டினேன்.

காலுறை போட ஆரம்பித்து இரண்டு வாரத்தில் பரிசோதனை. எடை ஏறவில்லை, மூச்சும் நன்றாக இருந்தது. கணுக்கால் மட்டும் ஒரு நூல்கூடக் குறையவில்லை. டாக்டர் நீர் மாத்திரையைக் கூட்டலாமா என்று பேனாவைத் திறந்தபடி கேட்டார்: "சாப்பாட்டுல உப்பு கூடிப்போச்சுங்களா?"

"நான்தானுங்க காரணம்" என்றாள் ஞானாபரணம். "போன வாரம் ஒரு ஊட்டு விருந்துல இவருக்கு ரெண்டு கரண்டி ரசம் ஊத்திப்போட்டேன். ஆசையாக் கேட்டாருங்க."

எனக்காகத் தானும் ஒரு மாதமாக ஊறுகாயைத் தொடாதவள், குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

"ரசம் இல்லீங்க டாக்டர். சொம்பு" என்றேன்.

முழுக் கதையையும் சொன்னேன். புவனா என் காலுறையைக் கழற்றி இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"ஐயா, கணுக்கால்ல இறுக்கமாவும், மேல போகப்போக லூசாவும் இருக்கறதுதானுங்க இதோட அளவே. அப்பத்தான் கீழ தேங்குறது மேல ஏறும். நீங்க நல்ல பீஸை ரிஜெக்ட் பண்ணிப்போட்டீங்க!"

அளவுத்தாளைப் பார்க்காமல் பீஸைத் தொடாதே என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! டாக்டர் பேனாவை மூடினார். "மாத்திரை இப்படியே இருக்கட்டும். முதல்ல புது ஜோடி போடுங்க. இஸ்திரிப் பெட்டியை அம்மா பத்திரமா வெச்சுக்கட்டும்."

வீடு திரும்பும் பஸ் உக்கடம் தாண்டியது. ஞானாபரணம் என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, அந்தச் சொம்புலதான் எனக்கு நேத்துத் தண்ணி மோந்து குடுத்தீங்களா?"

"கழுவிட்டேன் அம்மணி."

மூன்று வாரம் மறுபடியும் மல்லுக்கட்டு. விரல் மூட்டு சிவந்தது. கணுக்காலில் எலும்பு தெரிய ஆரம்பித்தது. பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு டாக்டர் அளந்து பார்த்து, "பாட்டுக்கு நில்லுங்க, பிரசங்கத்துக்கு உக்காருங்க" என்றார்.

அறுப்பின் பண்டிகையன்று தூணுக்குத் தூண் கரும்பும் வாழைத்தாரும் கட்டியிருந்தார்கள். ஐந்து பாட்டும் நின்றே பாடினேன். நாற்காலி எனக்குப் பின்னால் சும்மா கிடந்தது. பெஞ்சில் இருந்த ஞானாபரணம் என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஐந்து பாட்டுக்கும் என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் காலுறையைக் கழற்றி, என் காலை முக்காலியில் தூக்கி வைத்தாள். முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திவிட்டு, வீக்கத்தில் விழும் குழி நிரம்புகிறதா என்று குனிந்து பார்த்தாள். சின்னக் குழிதான், நிரம்பிவிட்டது.

"ஓகேயா ஞானம்?"

மேஜை டிராயரிலிருந்து என் பழைய அம்பு ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். ஒன்றை உரித்து என் நெற்றியில் ஒட்டினாள்.

"கால் ஓகேங்க. தப்பு இங்கதான் இருக்குது. அந்தக் காலையும் நீட்டுங்க."

நீட்டினேன்.