ராடாரில் விழாத மழை

மழை, மழை என்று ஒருவர் மூன்று மாதம் தொடர்ந்து சொன்னால் அது மழையாக இருக்காது என்பது என் கட்சி. என் கணவர் பத்மநாபன் வடக்கே மலையில் ஓர் அணை வேலையில் இன்ஜினீயர். மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை டார்ஜிலிங் மெயிலில் வந்து பவானிபூரில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிவிடுவார். இரண்டாயிரத்து ஐந்தில் ஜூன் மாதம் வரவில்லை. ஜூலையும் ஆகஸ்டும் அப்படியே போயின. ஒவ்வொரு தடவையும் டெலிபோன் பூத்திலிருந்து ஒரே பாட்டு: "இங்க கொட்டறது சுலோ. மண் சரிஞ்சு ரோடே போயிடுத்து."

பின்னால் ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்கும். பூத் வைத்திருக்கிறவள் என்றார். நான் கேட்காமலே சொன்னார், அதுதான் உறுத்தியது.

என் அண்ணா ஜெய்ராமுக்கு வானிலை ஆபீசில் வேலை. மலையடிவாரத்தில் அந்த வருஷம்தான் வைத்த ராடாரின் படங்கள் அவன் மேஜைக்கு வரும். எங்கே எவ்வளவு மழை என்று நிறம் நிறமாகக் காட்டும். அவர் வராமல் போன அந்த மூன்று சனிக்கிழமைத் தேதிகளையும் எழுதிக்கொண்டு அவனிடம் போய் நின்றேன்.

"எதுக்குடீ?"

"சும்மாதான்."

படங்களை எடுத்துப் போட்டான். சுற்றிலும் பச்சையும் மஞ்சளும். இவர் இருந்த பள்ளத்தாக்கு மட்டும் வெள்ளை வெளேரென்று கிடந்தது. "ஒரு சொட்டு இல்லையே," என்றான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார்! வீட்டுக்கு வந்து அவருடைய சட்டைப் பைகளைத் துழாவினேன். ஒரு பழைய பஸ் டிக்கெட் கிடைத்தது. வேறொன்றும் கிடைக்காததில் சந்தேகம் இன்னும் வளர்ந்தது. கெட்டிக்காரர், தடயம் வைப்பாரா?

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"மழை விட்டுதா?" என்றேன்.

"எங்க விட்டுது, நேத்து பூரா..."

"பொய் சொல்லாதேங்கோ. ராடார்லயே பார்த்தாச்சு. வர சனிக்கிழமைக்குள்ள வரலேன்னா அப்புறம் வரவே வேண்டாம்."

"சரி" என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை ஜெய்ராம் வந்தான். முகம் சரியில்லை.

"தப்பு பண்ணிட்டேன்டீ. மலை ராடார் எனக்கும் புதுசு. அதோட கதிர் நேராத்தான் போகும். நடுவுல ஒரு பெரிய மலை நிக்கறது, அதுல முட்டி நின்னுடறது. எதிர் மாடி மறைச்சா பின்னாடித் தெரு தெரியுமா? வெள்ளையா இருந்தா மழை இல்லேன்னு நினைச்சுட்டேன். அங்க ராடாருக்குக் கண்ணே தெரியலை."

"அப்போ மழை பெஞ்சுதா?"

"பெஞ்சும் இருக்கலாம், பெய்யாமலும் இருக்கலாம். ராடாரைக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல."

நல்லபடியாக நினைக்க ஒரு பாதி, கெட்டபடியாக நினைக்க ஒரு பாதி என்று கொடுத்துவிட்டுப் போனான். நான் கெட்ட பாதியையே வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை அவர் வாசலில் நின்றார். முழங்கால் வரை காய்ந்த சேறு, இடது கையில் கட்டு. சரிந்த ரோட்டில் எட்டு மைல் நடந்து, கயிற்றைப் பிடித்து ஓடையைத் தாண்டி வந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. உள்ளே வரவில்லை. பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அணை வேலையிடத்து மழைமானியின் அளவு, ஜூன் முதல் தேதியிலிருந்து நாள்வாரியாக. கீழே மேலதிகாரியின் கையெழுத்து, முத்திரை.

"பார்த்துக்கோ. சரியா இருந்தா உள்ள வரேன்."

திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். வெட்கத்தோடு தாளை வாங்கிக்கொண்டேன். அப்போதும் என் கண் அந்த மூன்று தேதிகளைத் தேடியது. நூற்று நாற்பது, நூற்றுப் பத்து, இருநூற்றாறு மில்லிமீட்டர்; மூன்று நாளும் கொட்டித்தான் இருந்தது. நான் தேடுவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் திரும்பிப் போனார். அதிலிருந்து போன் வந்தால் முதலில் அன்றைய அளவைப் படித்துவிடுகிறார். "எண்பத்திரண்டு மில்லிமீட்டர். கையெழுத்து வேணும்னா தபால்ல அனுப்பறேன்." சாப்பிட்டேளா என்று நான் கேட்பதற்குள் வைத்துவிடுகிறார்.