தேங்காயெண்ணெய்த் தோட்டா

தனஞ்சயனுக்கு அருவருப்பு ஒரு நோயல்ல, கொள்கை. ஒஸ்லோ நிலக்கீழ் ரயிலில் ஏறினால் கம்பியைப் பிடிக்கமாட்டான். விழுந்தாலும் சொந்தக் காலில் நின்று விழுவான். பிறர் கை பட்ட மிக்ஸரை எந்தப் பிறந்தநாள் வீட்டிலும் தொட்டதில்லை. அப்படிப்பட்டவன் எல்க் மான் வேட்டைக் குழுவொன்றில் சேர்ந்ததற்குக் காரணம் மானல்ல, மதியச் சாப்பாட்டு மேசை. இலையுதிர் காலம் வந்தால் வேலைத்தலத்தில் வேட்டையைத் தவிர வேறு கதையில்லை. பல வருடம் சும்மா தலையாட்டிய அவனுக்கு, ஒருமுறையாவது வாயைத் திறக்க வேண்டும்போல் இருந்தது.

குழுவில் எல்லாரும் தோட்டாவை வீட்டிலேயே செய்தார்கள். கடைத் தோட்டாவோடு போவது, கலியாண வீட்டுக்குக் கடையில் வாங்கிய பலகாரத்தோடு போவதுபோல் என்று தனஞ்சயன் தானாகவே முடிவெடுத்தான். சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுப் பித்தளைக் கோதைக் கைப்பொறியின் அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, வெடிமருந்து போட்டு, இன்னொரு அச்சில் சன்னத்தை, அதாவது பாய்ந்து போகும் குண்டை, அதன் வாயில் இறக்க வேண்டும். மனைவி சிவரஞ்சினி அந்தப் பொறியை வீட்டுக்குள் விடவில்லை. ஒஸ்லோவின் குரோருட் பகுதியிலிருந்த அவர்களின் அடுக்குமாடியின் கண்ணாடி அடைத்த பல்கனியில், காய்ந்த கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில் அது குடியேறியது.

"ஊரிலை வெடிக்குப் பயந்து ஓடி வந்த மனுசன், இஞ்சை காசு குடுத்து வெடி செய்யிறார்," என்று அவள் தொலைபேசியில் தமக்கைக்குச் சொன்னாள், அவனுக்குக் கேட்கும்படியாக.

சிக்கல் தோட்டாவின் நீளத்தில் இருந்தது. ஒரே பொறி, ஒரே சன்னம், ஒரே கை. வரிசையில் நிறுத்தினால் கலியாண வீட்டுக் குழுப்படம்: நெட்டை, குட்டை, நடுவில் ஒரு மாமா. குட்டையாக வருகிறதென்று, சன்னம் இறங்கும் ஆழத்தைக் குறைக்கத் திருகாணியை ஏற்றினான். அடுத்த நாள் எல்லாம் நெட்டையாகி, பயிற்சித் திடலில் துப்பாக்கிக்குள் சிக்கிக்கொண்டன. குழுத் தலைவன் தூர்பியோன் தாடியைச் சொறிந்தான். அந்தத் தாடியில் என்ன இருக்கிறதென்று தனஞ்சயன் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தான்.

"ஞாயிறு சுடும் பரீட்சையிலும் சிக்கினால், இந்த வருசம் நீ கார் ஓட்டு, கோப்பி ஊற்று," என்றான் தூர்பியோன்.

கோப்பி ஊற்றியவனுக்கு மதிய மேசையில் என்ன கதை இருக்கப்போகிறது?

சனிக்கிழமை பின்னேரம் பல்கனியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். கோதுகள் ஒரே அளவில் வெட்டப்பட்டிருந்தன. அளவுகோல் பூச்சியத்தில் நின்றது. திருகாணி இறுக்கமாகவே இருந்தது. மிஞ்சியது சன்னம் இறக்கும் அச்சு மட்டும். அதைக் கழற்றி, சன்னத்தை அமுக்கும் உள்தண்டை வெளியே இழுத்தான்.

வெள்ளையாக ஏதோ வந்தது. பழைய விளக்குத் திரியின் நாற்றம் அடித்தது. பித்தளைத் தூள் பளபளக்க, பெருவிரல் நகமளவு கெட்டிக் கொழுப்பு. அதற்குள் சுருண்டபடி ஒரு மயிர்.

தனஞ்சயன் தண்டைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தான்.

கொழுப்பு வந்த வழி அவனுக்குத் தெரியும். அச்சில் அழுத்துமுன் கோதுக்கு மசகு பூச வேண்டும். அதற்கென்றே தூர்பியோன் ஒரு டப்பா கொடுத்திருந்தான்: ஆட்டு ரோம மெழுகு. மூடியைத் திறந்ததும் நனைந்த ஆடொன்று முகத்துக்கு நேரே வந்து நின்றது. ஞாயிறு தவறாமல் ஆட்டிறைச்சி தின்கிற வாய்தான் அவனுடையது. ஆனால் மூக்கு வேறு, வாய் வேறு. டப்பாவை மூடிவிட்டு, குளியலறையிலிருந்த அகலவாய்த் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்தான். தலைக்கு, வெடித்த குதிக்காலுக்கு, கதவுக்கீலுக்கு உதவுவது கோதுக்கு உதவாதா? உதவியது. ஆனால் துடைக்காமல் விட்டதெல்லாம் புரட்டாதிக் குளிரில் அச்சுக்குள் உறைந்து, சேரச் சேரச் சன்னத்தைக் கூடுதலாக அமுக்கியது. திருகாணியை ஏற்றிய பிறகு அதில் ஒரு துண்டு உடைந்து விழுந்த நாளில் தோட்டாக்கள் நெட்டையாகின.

மயிர்தான் விளங்கவில்லை.

"ரஞ்சி! இஞ்சை வாரும். உம்மடை தலைமயிரைப் பாரும்! எண்ணெய்ப் போத்தலுக்குள்ளை கையை விட்டுத் தோண்டாதையும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

சிவரஞ்சினி வந்தாள், கண்ணாடியைப் போட்டாள், ஊசிமுனையால் மயிரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"என்ரை மயிர் முழங்கை நீளமப்பா. இது விரல் நீளமும் இல்லை. நுனி கறுப்பு, அடி வெள்ளை. இந்த வீட்டிலை டை அடிக்கிறது ஆர்?"

தனஞ்சயனின் கை தானாகவே தன் தலைக்குப் போனது.

"அங்காலை பாருங்கோ, பொடுகும் கிடக்கு," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

எண்ணெய் பட்ட தோட்டாக்களைத் தனியே ஒதுக்கினான். அச்சைச் சவர்க்காரம் போட்டு வெந்நீரில் கழுவிக் காயவைத்தான். பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஆட்டு மெழுகுக்குள் விரலை விட்டான். அது விரலைத் திருப்பி நக்குவதுபோல் இருந்தது. பூசி, அழுத்தி, இந்தமுறை ஒவ்வொரு கோதையும் துடைத்தான். தோட்டாக்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் ஒரே உயரத்தில் நின்றன. இரவுச் சாப்பாட்டை அவன் முள்ளுக்கரண்டியால் சாப்பிட்டான், புட்டை.

"எங்கடை வீட்டுக்கு வாற நோர்வேக்காரனே கையாலைதான் சாப்பிடுறவன்," என்றாள் சிவரஞ்சினி.

ஞாயிறு எதுவும் சிக்கவில்லை. சுட்டவையெல்லாம் அட்டை மானின் நெஞ்சில் போய் இருந்தன. தூர்பியோன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். குலுக்கிய கையை மூக்கருகே கொண்டுபோய் மணந்து, திருப்தியாகத் தலையாட்டினான்.

"ஆட்டு மெழுகு! இனி நீ எங்கள் ஆள்."

தனஞ்சயன் மனதில் மதிய மேசை விரிந்தது. முதல் வசனத்தைக்கூட ஆயத்தப்படுத்திவிட்டான்.

"எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு," என்றான் தூர்பியோன், அந்தக் கையை விடாமலே. "மானை யார் சுட்டாலும், குடல் எடுப்பது புது ஆள். கையுறை போடுவதில்லை."