பதினொரு பாட்டு, முப்பத்தேழு ‘ம்’

மண்டபத்தின் பின்சுவரில் பதித்திருந்த பெட்டிக்கு மூன்று விளக்குகள். மேடையில் சத்தம் அளவோடு இருந்தால் பச்சை. கொஞ்சம் ஏறினால் மஞ்சள். சிவப்பு வந்து ஐந்து நொடி அணையாமல் இருந்தால் மேடைக்கே மின்சாரம் போய்விடும். இப்போது எல்லா மண்டபங்களிலும் இந்தப் பெட்டி வந்துவிட்டது.

டிரம்ஸ்காரர் இரண்டு வருடமாக அதற்குப் பயந்துதான் அடித்துவந்தார். டிரம்மின் மேல் துண்டு விரித்தார். தடித்த குச்சியை விட்டு மெல்லிய குச்சிக்கு மாறினார். சிம்பல் தட்டுக்குக்கூடச் சட்டை போட்டதுபோல் ஒரு துணி கட்டினார். அப்படியும் போன மாதம் ஒரு விழாவில் மூன்றாவது பாட்டிலேயே சிவப்பு எரிந்தது. மின்சாரம் போய், அவர் தங்கச்சி வாயைத் திறந்தபடி ஊமைப்படம் மாதிரி நின்றாள்.

தங்கச்சிதான் குழுவின் பாடகி. அவள் புருஷன் கீபோர்டு வாசிப்பவர், குழுவும் அவருடையது. அன்று திரும்பும்போது வேனில் அவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

“மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அடியையே ரெக்கார்டு பண்ணி லேப்டாப்ல போட்டுடலாம்னு பாக்குறேன். லேப்டாப்னா சத்தத்தைத் திருகிக் குறைக்கலாம். உங்களைத் திருக முடியலையே.”

“என்னைத் திருகத்தான் என் தங்கச்சி இருக்காளே, மாப்ள. சின்ன வயசுலேருந்து என் காதைத்தான் திருகிட்டிருக்கா.”

சொன்னவருக்கே சிரிப்பு வரவில்லை.

“அப்போ மேடையில நான்?”

“நீங்க இல்லாம எப்படி மச்சான். பாத்துக்கலாம்.”

இருபத்திரண்டு வருடம் ஒரே வேனில் போனவருக்கு ‘பாத்துக்கலாம்’ என்றால் என்னவென்று தெரியாதா?

மாப்பிள்ளை வீட்டுப் பின்னறையில், சுவரோரம் மெத்தைகளை நிறுத்திவைத்து, நான்கு நாள் பதிவு நடந்தது. பதினொரு பாட்டு, ஒவ்வொன்றும் மூன்று தடவை. நான்காம் நாள் டிரம்ஸ்காரரின் வலது தோள் அவருடையதாகவே இல்லை. மைக் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது: நாற்காலியின் கிறீச், கைக்கடிகாரத்தின் உரசல், பக்கத்து வீட்டுக் குழாய். மாப்பிள்ளை ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒன்றுவிடாமல் துடைத்தெடுத்தார். கேட்டால் கண்ணாடி மாதிரி இருந்தது.

சனிக்கிழமை ஆறு மணிக்கு நிகழ்ச்சி. மதியமே ஒத்திகைக்குப் போனார்கள். டிரம்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஸ்டாண்டும், அதன்மேல் லேப்டாப்பும் இருந்தன. டிரம்ஸ்காரருக்கு இப்போதைக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். விளக்குப் பெட்டி பக்கத்தில் நின்று நிறம் பார்க்க வேண்டும்.

முதல் பாட்டில் பல்லவி ஒழுங்காகப் போயிற்று. இடையிசை முடிந்து சரணத்தை எடுக்கவேண்டிய இடத்தில் தங்கச்சி அரை நொடி பிந்தினாள். திரும்ப ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை முந்தினாள். மூன்றாம் முறை எடுக்கவே இல்லை.

“என்னம்மா ஆச்சு? வருஷக்கணக்கா பாடுற பாட்டு” என்றார் மாப்பிள்ளை.

“தெரியல. எங்க எடுக்கணும்னு பிடிபட மாட்டேங்குது.”

“எட்டு எண்ணிட்டு எடு.”

“எண்ணிப் பாடுறதுக்கு நான் என்ன வாய்ப்பாடா ஒப்பிக்கிறேன்? என்னைக்கு எண்ணியிருக்கேன் நான்?” அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். “அடியெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா கதவைத் தட்டாம ஆள் உள்ள வர்ற மாதிரி இருக்கு.”

நான்காம் முறை. பெட்டியருகே நின்ற டிரம்ஸ்காரரின் கை தானாகத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. இடையிசை முடியும் இடத்தில், அவரை அறியாமலே தொண்டையிலிருந்து ஒரு முக்கல் வந்து, காலி மண்டபத்தில் மேடைவரை கேட்டது. “ம்.”

தங்கச்சி அச்சாக எடுத்தாள். எடுத்தவள் பாட்டை நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்தாள்.

“மச்சான், இப்போ ஒரு சத்தம் போட்டீங்களே.”

“நானா?”

“நீதாண்ணே. அந்த முக்கல் வந்ததும்தானே நான்...” அவள் பாதியில் நிறுத்தினாள். இத்தனை வருடமும் அதைக் கேட்டுத்தான் சரணத்தை எடுத்தோம் என்பது அவளுக்கே இப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டார். “அதை இருமல்னு நினைச்சுத் துடைச்சுட்டேனே. முப்பத்தேழு இடத்துல. பழசையும் அழிச்சுட்டேன், லேப்டாப்ல இடம் பத்தலைன்னு.”

டிரம்ஸ்காரருக்கு நெஞ்சுக்குள் ஏதோ லேசாயிற்று. அப்படியானால் நான் இல்லாமல் நடக்காது.

“அண்ணன் என் பின்னாடி உக்காரட்டும். ஒரு நாற்காலி போடுங்க” என்றாள் தங்கச்சி.

“போட்டு? வெறுங்கையோட ஒரு மனுஷன் மேடையில உக்காந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை முக்கிட்டிருந்தா, பாக்குறவங்க டாக்டரைக் கூப்பிட மாட்டாங்களா?” என்றார் மாப்பிள்ளை.

முதலில் தங்கச்சிதான் சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார். அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்த டிரம்ஸ்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது நாற்காலிப் பேச்சும் முடிந்திருந்தது.

மணி மூன்றேகால்.

“மாப்ள, அவ ஒத்தைக் காதுல மாட்டுற இயர்போன்ல மட்டும் கேக்குற மாதிரி அந்த முக்கலைப் போட முடியுமா?”

“முடியும் மச்சான்.”

“அண்ணே, வேணாம்” என்றாள் தங்கச்சி. “இதையும் குடுத்துட்டா அப்புறம் உன்னை எதுக்குக் கூப்பிடுவாரு?”

“குடுக்கலைன்னா ஆறு மணிக்கு நீ வாயைத் திறந்துட்டு நிப்பே. போன மாசம் பாத்தது போதும். மைக்கைக் கொண்டாங்க.”

ஒப்பனை அறையில் மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தினார்கள். முதல் ‘ம்’ தலையாட்டி ஆமாம் போடுவது போல இருந்தது. இரண்டாவது, தண்ணீர் கேட்கும் நோயாளி. வேண்டுமென்று செய்தால் வரவில்லை. கடைசியில் பாட்டை முழுக்க ஓடவிட்டு, இரண்டு குச்சிகளாலும் தொடையில் அடித்துப் பார்த்தார். வந்தது. பதினொரு பாட்டுக்கும் அப்படியே அடித்தார். முப்பத்தேழாவதை மாப்பிள்ளை பதிந்து முடித்தபோது மணி ஐந்தே முக்கால்.

நிகழ்ச்சியில் அவர் பெட்டியருகேதான் நின்றார். முதல் இடையிசை முடியும் நேரம், மண்டபத்தில் யாருக்கும் அந்த ‘ம்’ கேட்கவில்லை. தங்கச்சியின் இடது தோள் மட்டும் துளி உயர்ந்தது. சரணத்தை எடுத்துவிட்டாள். எடுத்ததும் வழக்கம்போலப் பின்னால் திரும்பி ஒரு சிரிப்பு சிரிக்கப் போனாள். அங்கே லேப்டாப் இருந்தது. முன்னால் திரும்பிக்கொண்டாள். அடுத்த பாட்டிலும் திரும்பினாள். அதற்கடுத்ததில் இல்லை.

டிரம்ஸ்காரருக்கு ஒவ்வொரு இடத்திலும் முக்கல் தொண்டைவரை வந்தது. ஒரே இடத்தில் இரண்டு பேர் எதற்கு என்று விழுங்கிக்கொண்டார். விளக்கு கடைசிவரை பச்சையாகவே எரிந்தது.

ஏற்றுவதற்குச் சாமான் அதிகமில்லை. பத்து நிமிடத்தில் வேன் கிளம்பிவிட்டது. டிரம்ஸ் வைக்கும் இடம் காலியாகக் கிடந்தது. தங்கச்சி செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே காலை நீட்டிக்கொண்டாள்.

“நீயும் நீட்டுண்ணே. நாள் பூரா நின்னிருக்கே.”

“அடுத்த வாரம் நிறம் பாக்க ஆள் வேணுமா, மாப்ள?”

முன்சீட்டில் இருந்த மாப்பிள்ளை சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். “பாத்துக்கலாம் மச்சான்.”

டிரம்ஸ்காரர் காலை நீட்டினார். இரண்டு தொடையும் எரிந்தன. இருபத்திரண்டு வருடத்தில் அந்த வேனில் அவர் முழங்காலை மடக்காமல் உட்கார்ந்தது அன்றுதான். சுகமாகத்தான் இருந்தது.