மூக்கை நம்பி

அண்ணி குளித்துவிட்டு நேராகக் கூடத்துக்கு வந்து நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மோந்து பாரு."

அவள் எழுந்து போய் அண்ணியின் தோளருகே மூக்கை வைத்து இழுத்தாள். காற்று வந்தது. கூடவே வேறு எதுவும் வரவில்லை.

"ஒண்ணும் இல்ல அண்ணி."

"எப்படி இருக்கும்? வெறும் தண்ணியை ஊத்திக்கிட்டு வந்தா என்ன இருக்கும்? கடையில என் பக்கத்துல நிக்கறவ இப்பல்லாம் ரெண்டடி தள்ளித்தான் நிக்கறா. நேத்து மெதுவா கேக்கறா, உங்க வீட்ல தண்ணி வரலையாக்கான்னு."

"நாளைக்கு ஒரு நாள்தான் அண்ணி."

"அதுக்குத்தானே பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கேன். நீ வேலையில சேரு. அன்னிக்கு நான் போடப்போற சோப்புல இந்தத் தெருவே மயங்கி விழணும்."

அண்ணி துணிக்கடைக்குக் கிளம்பிப் போனாள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. கால் வீங்கித்தான் திரும்பி வருவாள். வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், "இன்னிக்குப் பயிற்சி ஆச்சா?" என்று கேட்பாள்.

நேர்காணல் கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: தேர்வு நாளன்று வாசனை சோப்பு, எண்ணெய், பவுடர் எதுவும் பூசாமல் வரவும். அண்ணிதான் அந்த ஒரு நாளை ஒரு மாதமாக நீட்டினாள். ஒரு ஆளுக்குச் சொன்னதை வீட்டுக்கே விரித்தாள். சோப்பு போனது. தலைக்கு எண்ணெய் போனது. அப்பாவின் தோள்வலித் தைலம் பரணுக்குப் போனது. வெளியூரில் வேலை பார்க்கிற அண்ணன் இரண்டு நாள் வந்திருந்தபோது, அவன் சட்டையில் அடித்திருந்த சென்ட்டுக்காக வாசலிலேயே சட்டையைக் கழற்ற வேண்டியிருந்தது.

வேலை அப்படிப்பட்டது. குழந்தைகளுக்கான பால் பவுடர் செய்கிற தொழிற்சாலை. அங்கே மோந்து பார்த்துத் தரம் சொல்ல ஆள் எடுக்கிறார்கள்.

அவளுக்கென்றே வந்த வேலை என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். வேதியியல் படித்துவிட்டு ஒரு பால் பண்ணையில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். டேங்கர் லாரி வந்து நின்றதும் ஏணியில் ஏறி மூடியைத் திறந்து முதலில் மூக்கை நீட்டுகிற ஆள் அவள்தான். அதற்குப் பிறகுதான் கருவி, அமிலம், அளவு எல்லாம். பால் புளிக்கத் தொடங்கியிருந்தாலும், கேனைக் கழுவிய மருந்து மிச்சம் இருந்தாலும், மாடு கண்டதைத் தின்றிருந்தாலும் கருவி சொல்வதற்குள் அவள் மூக்கு சொல்லிவிடும். லாரி டிரைவர்கள் அவளுக்கு 'மோப்பம்' என்று பேர் வைத்திருந்தார்கள். "இன்னிக்கு மோப்பம் லீவாம்டா, வண்டியை விடு" என்று அவள் காதுபடவே சொல்வார்கள். அதற்கும் அவள் பதில் பேச மாட்டாள். நோட்டில் எழுதி நீட்டுவாள், அவ்வளவுதான்.

ஒப்பந்தக்காரர்களை எல்லாம் ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு போன நேர்காணல்கள் ஒவ்வொன்றும் ஒரே மாதிரி முடிந்தன. கேள்விக்குப் பதில் தெரியும். தொண்டை வரை வரும். எதிரில் இருக்கிறவர்களின் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிப் போய்விடும். போய்விட்டு வந்து படுத்தால் இரண்டு நாள் எழுந்திருக்கத் தோன்றாது.

"இங்க வாயே வேண்டாம்," என்றாள் அண்ணி, கடிதம் வந்த அன்று. "மூக்கு பேசிக்கும். நீ கூடப் போனா போதும்."

அதே வாரம் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான். போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது.

அடுப்பில் பால் அடிப்பிடித்துக் கருகிய அன்றுதான் அவளுக்கே தெரிந்தது. அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். உள்ளறையிலிருந்து அண்ணி கத்திக்கொண்டு ஓடி வந்தாள். "ஏய், போன்ல விழுந்து கிடக்கியா?" என்று கேட்டாள். "ஆமா அண்ணி," என்றாள் அவள். அவ்வளவு லேசாக வந்துவிட்டது அந்தப் பொய். நாளைக்குத் திரும்பிவிடும், நாளை மறுநாள் திரும்பிவிடும் என்று இருந்ததில் சொல்ல வேண்டிய நாள் தாண்டிப் போய்விட்டது.

பயிற்சிக்கு அண்ணி மூன்று சின்ன டப்பா வைத்திருந்தாள். கிராம்பு, காபித்தூள், எலுமிச்சைத் தோல். அவள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அண்ணி ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுவருவாள். கிராம்பு கலகலவென்று உருளும். தோல் சொத்தென்று ஒரு பக்கமாக விழும். சத்தமே இல்லாவிட்டால் காபித்தூள். அவள் காதால் மோந்து பதில் சொன்னாள். எல்லாம் சரி. அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலம், அண்ணி கடையிலிருந்து வருவதற்கு முன்னால், அவள் மறுநாளைக்கான உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஆயுள் முழுக்கச் சுவருக்கும் கூரைக்கும் பெயிண்ட் அடித்தவர். அண்ணாந்து அண்ணாந்து வலது தோள் வீணாய்ப்போயிருந்தது. சட்டை போடுவதற்கே சுவரோடு சண்டை போடுகிற மாதிரி நிற்பார்.

"பாப்பா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கப்பா."

"நாலஞ்சு நாளா தைலம் தடவிக்கறேன்."

அவள் கை நின்றது.

"முடியலம்மா. தோளு கழண்டு விழுந்துடும் போல இருந்துச்சு. மருமக கடைக்குப் போனதும் பரண்ல இருந்து எடுத்துத் தடவுவேன். அவ வர்றதுக்குள்ள தேய்ச்சுக் கழுவிடுவேன். அவளை ஏமாத்தலாம், உன்னை ஏமாத்த முடியுமா? தெருமுனையில தடவினாலே வீட்டுக்குள்ள இருந்து கண்டுபிடிக்கறவ நீ. என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டே. ஒரு வார்த்தை கேக்கல. நாளைக்கு உனக்குப் பரீட்சை. இருந்தும், அப்பன் வலி தாங்காம தடவறான், தொலையட்டும்னு விட்டுட்டே பாரு..."

அப்பாவுக்குக் குரல் தழுதழுத்தது. அவர் அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சும்மா இருந்துவிடலாம். தலையை மட்டும் ஆட்டினால் போதும், அவர் நிம்மதியாகப் போய்ப் படுத்துவிடுவார். ஆனால் செய்யாத நல்லதுக்கு அப்பா கண் கலங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஒரு மாதமாகப் பொய் சொல்லிச் சொல்லி உடம்பே அசந்துபோயிருந்தது.

"எனக்குத் தெரியாதுப்பா."

"என்ன தெரியாது?"

"தைலம் தடவினது. வாசம் வரல. எந்த வாசமும் வரல. காய்ச்சலோட போயிடுச்சு."

அப்பா எழுந்து போய்த் தைலத்தை எடுத்துவந்து, மூடியைத் திறந்து அவள் மூக்குக்கு நேராக, ஒட்டிப் பிடித்தார். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"தோ! கண்ணு கலங்குதே! வருதுல்ல?"

"அது எரிச்சல்ப்பா. எரிச்சலுக்கு வேற நரம்பு. வாசத்துக்கு வேற நரம்பு."

"படிச்சுத் தொலைச்சிருக்கியே," என்றார் அப்பா. மூடியைத் திருகி மூடினார். "மருமகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அம்மாடி, சொல்லிடாதே. ஒரு மாசமா சேத்து வெச்ச சோப்பையெல்லாம் போட்டு நம்ம ரெண்டு பேரையும் துவைச்சுத் தொங்கவிட்டுடுவா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கும் வந்தது. சிரித்து முடித்ததும் அறை முன்பைவிடச் சோர்ந்துபோயிருந்தது.

"அப்ப நாளைக்கு?"

"போறேன். போகலைன்னா அண்ணி காரணம் கேப்பாங்க."

"போய் என்ன செய்வே?"

"ஒரு தட்டுல மூணு கிண்ணம் வைப்பாங்க. ரெண்டு ஒரே மாதிரி, ஒண்ணு வேற. வேற எதுன்னு சொல்லணும். குத்துமதிப்பா சொன்னாக்கூட மூணுல ஒண்ணு சரியா வரும்."

"பரவால்லையே. நான் வாங்கின லாட்டரியெல்லாம் இதைவிட மோசம்."

"அந்த மாதிரி தட்டு வரிசையா வரும்ப்பா."

அப்பா கணக்குப் போடப் பார்த்து, விட்டுவிட்டார். "எதுக்கும் அடிச்சுப் பாரு," என்றார் போகும்போது. குரலில் வலு இல்லை.

காலையில் அண்ணி வெறும் தண்ணீரில் குளித்து, அவளையும் குளிக்கவைத்து, பேருந்து நிறுத்தம் வரை கூடவே வந்தாள். சிகரெட் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவரைக் கையைக் காட்டித் தள்ளி நிற்கச் சொன்னாள். "ஏன், நான் என்ன பண்ணினேன்?" என்றார் அவர். "இவ மூக்குக்கு இன்னிக்குக் கல்யாணம். நீங்க தள்ளுங்க," என்றாள் அண்ணி.

தொழிற்சாலையில் சுவரெல்லாம் வெள்ளை. காத்திருந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதலில் மூக்குத் தேர்வு, அதில் தேறினால் பேச்சு என்றார்கள். அவளை ஒரு சின்னத் தடுப்பறைக்குள் விட்டார்கள். ஒரு நாற்காலி, ஒரு பலகை. பவுடரின் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று சிவப்பு விளக்குப் போட்டிருந்தார்கள். பலகைக்கு மேலே, தட்டு நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு. அது திறந்தது. மறுபக்கத்திலிருந்து இரண்டு கைகள் தட்டை உள்ளே தள்ளின. ஒரு பெண்ணின் கைகள். ஒட்ட வெட்டிய நகம், புறங்கையில் பழைய சூட்டுத் தழும்பு. முகம் தெரியவில்லை.

மூன்று கிண்ணங்கள். ஒவ்வொன்றாக எடுத்து மோந்தாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. வலது ஓரக் கிண்ணத்துக்குக் குறி போட்டுத் தட்டைத் திருப்பித் தள்ளினாள்.

இரண்டாவது தட்டு வந்தது. மூக்கை நீட்டினாள். பென்சிலை எடுத்தாள்.

தோற்றுவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம். ஜெயித்துவிட்டால்? அடுத்த வாரம் இதே நாற்காலியில் உட்கார்ந்து, கெட்டுப்போன பவுடரை நல்லது என்று எழுதி அனுப்புவாள். அதை யாரோ ஒருத்தி நம்பிக் கரைத்து, பேசத் தெரியாத ஒரு வாயில் ஊற்றுவாள். அந்தக் குழந்தையால் ஒன்றும் சொல்ல முடியாது. அழத்தான் முடியும்.

அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சின்னக் கதவைத் தட்டினாள்.

கதவு திறந்தது. கைகள் வந்தன. "முடிச்சிட்டீங்களா?"

"இல்லைங்க. எனக்கு வாசம் தெரியல."

கைகள் பலகையில் ஊன்றிக்கொண்டன.

"ஜலதோஷமா?"

"இல்லைங்க. ஒரு மாசத்துக்கு முன்னாடி காய்ச்சல். அதோட போச்சு."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

அதட்டலாக இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது. பார்ப்பதற்கு ஒரு முகம் இல்லாததாலோ என்னவோ, பதில் தொண்டையோடு நிற்காமல் வெளியே வந்தது. கைகளைப் பார்த்துச் சொன்னாள். டேங்கர் மூடியைத் திறந்ததைச் சொன்னாள். டிரைவர்கள் வைத்த பேரைச் சொன்னாள். அண்ணி வெறும் தண்ணீரில் குளிப்பதை, டப்பாக்களைக் காதால் கண்டுபிடித்ததை, அப்பாவின் தைலத்தை. எந்த நேர்காணலிலும் இவ்வளவு பேசியதில்லை. நடுவில் அந்தக் கைகள் குலுங்கின. அந்தப் பெண் சிரிக்கிறாள் என்று புரிந்தது.

"வெளிய ரெண்டு பேரு மூக்கை உறிஞ்சிக்கிட்டே எனக்கு ஒண்ணும் இல்லைன்னு உக்காந்திருக்காங்க," என்றது குரல். பிறகு, "உங்களை எடுக்க முடியாது. தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"மூக்கு திரும்புமா, எப்போன்னு யாராலயும் சொல்ல முடியாது. திரும்பினா மறுபடி எழுதிப் போடுங்க. நான் இங்கேதான் இருப்பேன்."

உபசாரத்துக்குச் சொன்னதா, உண்மையிலேயே சொன்னதா? கைகளிலிருந்து அதைப் படிக்க முடியவில்லை.

"இதுல எது வேறங்க?" என்று கேட்டாள்.

ஒரு விரல் நடுக் கிண்ணத்தைத் தொட்டது. "அட்டை வாசம். மூட்டை நனைஞ்சிருக்கு."

அவள் அந்தக் கிண்ணத்தை எடுத்து இன்னொரு தரம் மோந்தாள். நனைந்த அட்டை எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும். காற்றுதான் வந்தது. கைகள் அவசரப்படுத்தவில்லை. அவளே கிண்ணத்தை வைத்துத் தட்டைத் தள்ளினாள்.

வெளியே வந்ததும் வெயில். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வாய் மறுபடி அடைத்துக்கொள்ளும் என்று தோன்றியது. நின்ற இடத்திலிருந்தே அண்ணியைக் கூப்பிட்டாள்.

"என்னடி ஆச்சு? எத்தனை சரி?"

"கிடைக்கல அண்ணி. எனக்கு மூக்கு போயிடுச்சு. காய்ச்சல் வந்தப்பவே போயிடுச்சு. நான்தான் சொல்லல."

அந்தப் பக்கம் கடைச் சத்தம். யாரோ வேறு நிறத்தில் காட்டச் சொன்னார்கள். துணி உதறுகிற சத்தம் கேட்டது.

"அண்ணி?"

"டப்பாவெல்லாம் சரியா சொன்னியேடி?"

"சத்தத்தை வெச்சு."

"அடிப்பாவி." மறுபடி துணி உதறுகிற சத்தம். "மாமாவுக்குத் தெரியுமா?"

"நேத்துதான் சொன்னேன்."

"அப்பனும் மகளும் கூட்டு!" அண்ணியின் குரல் எகிறி, பாதியில் இறங்கியது. "ஒரு மாசமா இதை உள்ளயே வெச்சுக்கிட்டு, தினம் என் தோள்ல வேற மோந்து பாத்தியே... ஏண்டி, நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சரி வை. ஆளு நிக்குது. டாக்டர்கிட்ட காட்டினியா?"

"இல்ல."

"நாளைக்கு எனக்கு லீவு. காலையில போறோம். இப்ப வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு."

பேருந்து வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டாக்டரும் முதலில் "என்ன பண்ணுது?" என்றுதான் கேட்பார், முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். அண்ணி பக்கத்தில் இருப்பாள். அவள் தலையைக் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடினாள்.