எதையும் செய்யாத வரி

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டு எழுதினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என் மருமகள் வந்து சொன்னால் அசிங்கமாக இருக்கும். வீட்டிலிருந்தே அவள் லேப்டாப்பில் பேசி வேலை பார்க்கும் அறைக்கும் என் அறைக்கும் நடுவே இருப்பது ஒரு மரத் தடுப்புதான். எனக்குக் கதைகள் முகமாக வருவதில்லை. யாரோ யாரிடமோ பேசுகிற பேச்சாகத்தான் வரும். அப்படிப்பட்டவளைத் தடுப்புக்குப் பக்கத்தில் குடிவைத்தது யார் தப்பு?

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

இணையதளங்களுக்கான நிரல்களை ஒழுங்குபடுத்தும் தானியங்கிக் கருவிகள் இன்றைய துரித வளர்ச்சியில்

(வேண்டாம். இதை யார் யாரிடம் சொல்கிறார்கள்? ஆனாலும் அடிக்காமல் விடுகிறேன். கிடக்கட்டும்.)

பிறகு இப்படி:

"அந்த வரி எதுவுமே செய்யல. எடுத்துடுங்க."

"அது செய்யறது உங்களுக்குத் தெரியல சார்."

இது சரி. காதில் விழுந்தது இப்படித்தான்.

2

விழுந்தது புரியவேண்டுமே. அவளிடமே போனேன்.

"ஒட்டுக்கேட்டீங்களா அத்தை?"

"காதுல விழுந்துச்சு."

"காலையிலேர்ந்தா?"

"காது பெருசு. அது என்ன கருவி, சொல்லு."

"ரெண்டு இருக்கு. ஒண்ணு சீப்பு மாதிரி. நாம எப்படிக் கலைச்சு எழுதினாலும், சேமிக்கும்போது இடைவெளி, அடைப்புக்குறி எல்லாத்தையும் ஒரே மாதிரி வாரி விட்டுடும். இன்னொண்ணு லின்டர். அது குத்தம் கண்டுபிடிக்கும். இந்த வரி எதுக்கு, இதை ஏன் இங்க வெச்சேன்னு கேட்டுக்கிட்டே இருக்கும்."

"என்னை மாதிரின்னு சொல்ல வர்ற."

"நான் சொல்லல."

அவள் இந்தக் கருவிகளுக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். என் முதல் படியில் அப்படித்தான் எழுதியிருந்தேன். இயந்திரத்தை எதிர்த்து நிற்கும் பெண், எழுதச் சுகமாக இருந்தது. அவள் படித்துவிட்டு, "யாரு அத்தை இது?" என்றாள். அணிக்கு அவற்றைக் கொண்டுவந்ததே அவள்தானாம். அதற்கு முன் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்க உட்கார்ந்தால் பாதி நேரம் இடைவெளிச் சண்டையிலேயே போகும். கருவி வந்தது, சண்டை ஓய்ந்தது.

பிறகு அணித் தலைவர் ஒரு விதி போட்டார். குற்றம் இருந்தால் கருவி சிவப்பு காட்டும், இல்லாவிட்டால் பச்சை. முன்பெல்லாம் ஒரு வரிக்கு மேலே காரணத்தை எழுதி, 'இதை மட்டும் விட்டுவிடு' என்று கருவிக்குச் சொல்லலாம். இனி அந்த விலக்கு கிடையாது. சிவப்பு இருந்தால் எதுவும் உள்ளே போகாது. எல்லாம் பச்சையாக இருக்க வேண்டும், பச்சையாக இருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, அவர் பெயரே பச்சை ஆகிவிட்டது.

3

இனி, அந்த வரி.

மருத்துவமனையில் காத்திருப்பவர்களுக்கு டோக்கன் எண் காட்டும் திரை ஒன்று. அதை இயக்கும் நிரல் இவர்களுடையது. எண்ணைக் கூப்பிட்டால் திரையில் அது பளிச்சிட்டு மறையும். ஆள் வராவிட்டால் மறுபடி கூப்பிடுவார்கள், மறுபடி பளிச்சிட வேண்டும்.

முதல் நாள் சோதனைக்கு என் மருமகள் நேரில் போயிருந்தாள். பட்டறைச் சத்தத்தில் காது போன ஒரு வெல்டர், திரையையே பார்த்தபடி இருந்தார். அவருடைய எண் வந்தபோது சீட்டை எடுக்கக் குனிந்துவிட்டார். இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். திரை அசையவில்லை. அடுத்த எண் வந்தது. கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருந்த இவளிடம் வந்து கேட்டார்.

"என் நம்பர் எப்பம்மா வரும்?"

"வந்து போயிடுச்சுங்க."

"நான் நிமிர்ந்ததுலேர்ந்து கண்ணை எடுக்கவே இல்லையே."

அந்தப் பதிலை அவள் கையால் எழுதித்தான் அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது.

திரை ஒரு சோம்பேறியாம். 'நிறுத்து, திரும்ப ஆரம்பி' என்று அடுத்தடுத்துச் சொன்னால், எல்லாம் ஒன்றுதானே என்று சும்மா இருந்துவிடும். அதனால் நடுவில் அவள் ஒரு வரி போட்டாள்: எண் இருக்கும் பெட்டியின் அகலத்தை அளந்து சொல். அளப்பதற்காகத் திரை ஒரு கணம் நிஜமாகவே நிறுத்தும். பிறகு ஆரம்பித்தால் பளிச்சிடும். அளந்த அகலம் யாருக்கும் வேண்டாம். அதைப் பார்த்துத்தான் லின்டர் சிவக்கிறது: இந்த வரி எதையும் செய்யவில்லை.

4

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எடுத்துடுங்க," என்றார் பச்சை. "இல்லன்னா இந்த வேலைய வேற ஆள்கிட்ட குடுக்க வேண்டியிருக்கும்."

அவர் அழைப்பை வைத்ததும் கூட வேலை பார்ப்பவன் கூப்பிட்டான்.

"அக்கா, அந்த அகலத்துக்கு ஒரு பேரு வெச்சு, எங்கயோ பயன்படுற மாதிரி காட்டிடுங்க. லின்டர் ஏமாந்துடும். ரெண்டு பச்சையும் குளிர்ந்துடும்."

"நாளைக்கு வேற ஒருத்தர் வந்து, அகலம் இங்க எதுக்குன்னு அதைத் தூக்கிடுவாங்க. அப்புறம் அந்த வெல்டர் மறுபடி உக்காந்திருப்பாரு. நிறுத்தறதுக்காக அளக்கறேன்னு வெளிப்படையா எழுதியிருக்கேன். பொய் வரி எழுத மாட்டேன்டா."

தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குச் சுருக்கென்றது. பொய் வரி எழுதியே பேர் வாங்கியவள் நான்.

5

சாயங்காலம்.

"எடுத்தாச்சா?"

"இல்ல சார்."

"ஒரே ஒரு வரி. அதுக்கு இவ்வளவு பிடிவாதமா?"

"ஒரே ஒரு வரிதான சார். ஒரே ஒரு விலக்கு குடுங்க."

"உங்களுக்குக் குடுத்தா எல்லாரும் வந்து நிப்பாங்க. எடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"மாட்டேன்."

மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"மாட்டேன்."

[இந்த இடத்தில் பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் வந்தார்.

"அந்த நாற்காலி வரி கதைக்கு எதுவும் செய்யலையேம்மா. எடுத்துடலாமா?"

"எடுத்தா ரெண்டு மாட்டேனும் ஒட்டிக்கும். ஒரு தடவை சொன்ன மாதிரிதான் கேக்கும்."

"வாசகருக்கு அது புரியாதும்மா."

"புரிய வேண்டாம். கேட்டாப் போதும்."]

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

பச்சை மருத்துவமனைக்குப் போகிறார், வெல்டரைப் பார்த்து மனம் கரைந்து

(போக மாட்டார். அந்தக் குரல் எனக்குத் தெரியும்.)

அவள் வேலையை உதறிவிட்டு, தலை நிமிர்ந்து

"நான் ஏன் அத்தை விடணும்? நான் எழுதினது சரியாத்தான இருக்கு."

"கதைக்கு எடுப்பா இருக்கும்."

"அப்ப நீங்க எழுதறதை விடுங்க. அது இன்னும் எடுப்பா இருக்கும்."

தோற்றேன். நடந்ததையே எழுதுகிறேன்.

"சரி சார்," என்றாள். "வேண்டாம்னா நீங்களே அழிங்க."

"நானா?"

"எந்த வரிய யார் எழுதினாங்க, யார் அழிச்சாங்கன்னு நம்ம நிரல் வரலாறுல பேரோட நிக்குதுல்ல? எழுதினதுக்கு என் பேரு இருக்கு. மேல காரணமும் இருக்கு. அதைப் படிச்சுட்டு அழிங்க. அழிச்சதுக்கு உங்க பேரு இருக்கட்டும்."

அவர் அழைப்பை வைத்துவிட்டார். பேச்சு நின்றால் எனக்குக் கதையும் நின்றுவிடும். அவள் லேப்டாப்பை மூடாமல் அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிட வந்தாள். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். திரையில் சிவப்பு, சிவப்பாகவே இருந்தது.

"என்ன செய்வாராம்?"

"அது அவர் பாடு. ரசத்தை இப்படித் தள்ளுங்க."

7

பச்சை அழித்தாரா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும், சொல்வதாக இல்லை. முதலில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்க்கிறேன்.

இந்தக் கதையிலும் எதையும் செய்யாத வரி ஒன்று இருக்கிறது. எது என்று உங்களுக்குத் தெரியும். ஆசிரியர் அதன்மேல் பென்சிலை வைத்தபடி இருக்கிறாராம், இன்னும் அடிக்கவில்லை. நான் அடிக்க மாட்டேன். உங்களுக்கு அது உறுத்தினால் தாராளமாக அடித்துவிடுங்கள், பேனா உங்களுடையது. காரணத்தை அதற்குக் கீழேயே எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு, ஓரத்தில் உங்கள் பெயரை எழுதிவிட்டு அடியுங்கள்.