அந்த டிரசரின் பெயர்

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி ஆனால் உலகத்துக் கஷ்டமெல்லாம் எங்கள் வீட்டு ஹாலுக்கு வந்துவிடும். என் கணவர் கனகலிங்கம் வீடியோப் பெட்டிக்குள் கசெட்டைத் தள்ளுவார். நான் சோபாவில் அவருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். சினிமா அவருக்கு ஆகாது. ஆவணப்படம்தான் வேண்டும். பஞ்சம், அணுகுண்டு, சுரங்கம் இடிந்து செத்தவர்கள் என்று வாரத்துக்கு ஒன்று.

பிரிக்பீல்ட்ஸில் நமக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிலே புருசனும் பெண்சாதியும் சேர்ந்திருந்து இப்படிப் படம் பார்த்து விவாதிக்கிறது நாங்கள் மட்டும்தான் என்று அவருக்குப் பெருமை. கோயிலில் யாரைக் கண்டாலும் இதைச் சொல்லுவார். விவாதம் என்றால் அவர் பேசுவார், நான் வடை சுட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்பேன். நடுவில் படத்தை நிறுத்துவார். எலும்பும் தோலுமான ஒரு பிள்ளை திரையில் அப்படியே நிற்கும்.

"இதில இருந்து நாங்கள் என்னத்தை விளங்கிக்கொள்ள வேணும், சொல்லும் பாப்பம்?"

"பசி பொல்லாதது."

"அது மேலோட்டம்," என்பார், வாய்க்குள் வடையை வைத்துக்கொண்டு. பார்க்கச் சகிக்காது. ஆனாலும் சுட்டு வைத்தவள் நான்தானே என்று தட்டை அவர் பக்கம் இன்னும் தள்ளி வைப்பேன்.

படம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பத்திரிகைக்குக் கடிதம் எழுத உட்காருவார். அவருடைய கையெழுத்து மருந்துச் சீட்டுக் கையெழுத்து. என்னைத் தவிர ஒருவருக்கும் புரியாது. கலியாணத்துக்கு முன் இரண்டு வருடம் நான் தமிழ்ப் பள்ளியில் படிப்பித்தவள் என்பதால் அதை நல்லபடி எழுதிக் கொடுக்கிற வேலை எனக்கு. எழுதியதை அவர் எழுந்து நின்று, கூட்டத்தில் பேசுகிற மாதிரிச் சத்தமாக வாசிப்பார். பிறகு 'சி. கனகலிங்கம், பிரிக்பீல்ட்ஸ்' என்று கையெழுத்துப் போடுவார். ஏழு வருடத்தில் முப்பத்தொரு கடிதம் வெளிவந்திருக்கிறது. எல்லாவற்றையும் வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறார்.

அதற்கு முன் இருபத்தாறு வருடம் அவர் செமினிப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரசர். ஹாஸ்பிட்டல் அசிஸ்டன்ட் என்பது பேப்பரில். தோட்டத்து ஆட்களுக்கு 'டிரசரய்யா'. நான் 'டிரசரம்மா'. டாக்டர் மாதத்துக்கு இரண்டு முறை வந்து போவார். மற்ற நாளெல்லாம் முந்நூறு குடும்பத்துக்கும் இவர்தான் டாக்டர். யாருக்கு லீவு, யாருக்கு வெறும் பனடோல், யாரைக் காஜாங் ஆஸ்பத்திரிக்கு லோரியில் ஏற்றுவது என்பதெல்லாம் இவர் பேனா முனையில் இருந்தது.

தொண்ணூற்றொன்றாம் வருடம், தைப்பூசம் கழிந்த சனிக்கிழமை. தொழிலாளர்களுக்காக வேலை செய்கிற ஒரு குழு எடுத்த படம் என்று யாரிடமோ கசெட் வாங்கி வந்திருந்தார். தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கிற பெண்களைப் பற்றியது. முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு, கையுறையும் இல்லாமல், விஷத்தைப் பீச்சிக்கொண்டு போனார்கள். நகம் கழன்ற விரல்களைக் கிட்டத்தில் காட்டினார்கள். அவர் வழக்கம் போல "ச்சிச்சீ, என்ன அநியாயம்" என்று தொடையில் தட்டினார்.

பிறகு கிள்ளானில் ஒரு கம்பத்து, அதாவது கிராமத்து, வீடு. தகரக் கூரைக்குக் கீழே வயதான ஒருத்தி உட்கார்ந்து பேசினாள். வலது கண் வெள்ளையாக இருந்தது. பெயர் போடவில்லை. எந்தத் தோட்டம் என்றும் சொல்லவில்லை.

"மருந்து கண்ணுல தெறிச்சிருச்சுங்க. எரிச்சல் தாங்கல. ஓட்டமா டிரசரய்யா வீட்டுக்குப் போனேன். ஞாயித்துக்கெழம. அய்யா சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க, நண்டு வாசம் வெளிய வரைக்கும் வந்துச்சு. உள்ள இருந்துக்கிட்டே, தண்ணியில கழுவு, திங்கக்கெழம வான்னாங்க. திங்கக்கெழம போனேன். சொட்டு மருந்து குடுத்து, கண்ணுல தூசின்னு எழுதி வேலைக்கு அனுப்பிட்டாங்க. அப்புறம் கண்ணு போயிருச்சுங்க."

சொல்லும்போது அவள் முழங்கையைத் தூக்கினாள். உள்பக்கத்தில் பச்சை குத்திய தேள் தெரிந்தது. அந்தத் தேளை நான் ஆறு வருடம் பார்த்திருக்கிறேன். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் போகிற வழியில் எங்கள் வேலிக்கு மேலால் முருங்கையிலை ஒடித்துத் தந்துவிட்டுப் போகிற கை அது. எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்த பக்கிரிசாமியின் பெண்சாதி வள்ளியம்மா.

அவர் படத்தை நிறுத்தினார். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. பொய்க் கண்ணீர் என்று சொல்ல மாட்டேன். உண்மையாகத்தான் அழுதார். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

"ஒரு மனுசி கண் எரிஞ்சு கொண்டு வாசல்ல நிக்கிறாள், இவன் நண்டு திண்டு கொண்டிருக்கிறான்! இவனெல்லாம் ஒரு மனுசனோ, குணம்?" என்று என்னைக் கேட்டார்.

முகத்தை உற்றுப் பார்த்தேன். நடிப்பில்லை. அவருக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. கிள்ளான் என்று படத்தில் வந்ததால் ஏதோ கிள்ளான் தோட்டத்து டிரசர் என்று எடுத்துக்கொண்டார். எப்படித் தெரியும்? எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை பேர்! ஒருத்தியை மட்டும் திருப்பி அனுப்பியிருந்தால் நினைவிருந்திருக்கும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பின்வாசலில் நின்றவள் நான். வள்ளியம்மா முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு துடித்தாள். நான் உள்ளே திரும்பி, "சாப்பாடு ஆறுது, நாளைக்கு வரச் சொல்லுங்கோ" என்றேன். அவர் சொன்னார். நான் கதவைச் சாத்தினேன். இதை அவள் படத்தில் சொல்லவில்லை. முருங்கையிலை கொடுத்த பழக்கமோ என்னவோ, என்னை விட்டுவிட்டாள். அவள் விட்டதும் எனக்குள் அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது பாருங்கள், அந்த மூச்சை நினைத்தால் என் முகத்தில் நானே துப்பலாம்.

அவர் படத்தைத் திரும்பவும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். பிறகு கடிதம் எழுதினார். நல்ல நீளம். "அந்த டிரசர் இன்று எங்கே நிம்மதியாகக் காலம் கழிக்கிறானோ! அவன் பெயரை வெளியிட வேண்டும். சமூகம் அவன் முகத்தில் காறி உமிழ வேண்டும்." எழுதிய தாளை என்னிடம் தந்துவிட்டு, பசிக்கிறது என்று மிச்ச வடையை எடுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் அந்தத் தாள் என் தையல் பெட்டிக்குள் கிடந்தது. சொல்லாமல் இருந்துவிடலாம். முப்பத்திரண்டாவதாக அதுவும் கொப்பியில் ஏறிவிடும். அடுத்த சனிக்கிழமை நான் வடை சுட்டு அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அதுதான் முடியாது என்று தோன்றியது. முப்பத்தைந்து வருடம் ஒரே படுக்கையில் படுத்த மனுசன் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார முடியாது என்று உடம்பு சொன்னது.

செவ்வாய்க்கிழமை காலை எழுதினேன். அவர் எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. 'அவன் பெயரை வெளியிட வேண்டும்' என்ற வரிக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். குரல் ஏறிக்கொண்டே போனது. "...அவன் பெயரை வெளியிட வேண்டும். அவன் பெயர் சி. கனக..."

நின்றுவிட்டார்.

"என்ன பகிடி இது?"

"பகிடி இல்லை. அவள் வள்ளியம்மா. பக்கிரிசாமின்ர மனுசி. கையில தேள் பச்சை பாக்கேல்லையோ?"

"விசர்க் கதை கதையாதையும். அது கிள்ளான் பொம்பிளை."

"இப்ப கிள்ளான். அப்ப எங்கட பத்தாம் நம்பர் லயம். எழுபத்திநாலு. ஞாயிற்றுக்கிழமை."

அவர் மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார். வெளியில் பூக்கடைக்காரன் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பாவம், இப்போது உடைந்து போவார் என்று நினைத்தேன். உடைந்திருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். சத்தியமாக உட்கார்ந்திருப்பேன்.

"அண்டைக்கு நீர் நண்டுக் குழம்பு வைச்சனீர்," என்றார். "முருங்கையிலை போட்டு. போர்ட் கிள்ளான்ல இருந்து சிவசம்பு கொண்டு வந்து தந்த நண்டு."

"ஓம்."

"நீர்தானே சொன்னனீர், சாப்பாடு ஆறுது எண்டு." முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டது. தப்பிக்க வழி கண்டவனின் தெளிவு. "நான் எழும்பத்தான் பாத்தனான். நீர்தான் கதவைச் சாத்தினனீர். இப்ப என்ர பேரை மட்டும் எழுதிறீரோ?"

முருங்கையிலை, நண்டு கொடுத்தவன், கதவைச் சாத்தியவள். பதினேழு வருடத்துக்குப் பிறகும் ஒன்றையும் மறக்கவில்லை. எழும்பப் பார்த்தேன் என்பது மட்டும் பொய். அவர் கை சோற்றுக் கோப்பைக்குள் இருந்ததை நான் கண்டேன்.

"ஒண்டு கேக்கிறன்," என்றேன். "அவளுக்குப் போனது எந்தக் கண்?"

அவர் அணைந்து கிடந்த டிவியைப் பார்த்தார்.

"ரெண்டு தரம் படம் பாத்தனீங்கள். நிப்பாட்டி வைச்சு அழுதனீங்கள். எந்தக் கண்?"

"இடது," என்றார், பள்ளிக்கூடப் பிள்ளை ஊகித்துச் சொல்கிற மாதிரி. பிறகு உடனே, "அதை விடும். அந்த வரியை வெட்டிப்போட்டு வடிவாத் திருப்பி எழுதித் தாரும். கடிதத்தில வேற பிழை ஒண்டுமில்லை, நல்ல கருத்து. கோயில் கொமிட்டிக்காரரும் வாசிப்பினம்."

நல்ல கருத்தாம்! ஆனால் அவர் சொன்னதில் ஒன்று சரி. அவர் பெயரை மட்டும் எழுதியது பிழைதான். தாளை அவர் கையிலிருந்து வாங்கினேன். பேனாவை எடுத்து அந்த வரியின் முடிவில், 'சாப்பாடு ஆறுகிறது என்று சொல்லிக் கதவைச் சாத்தியவள் அவன் மனைவி குணபூசணி. போனது வலது கண்' என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போடுகிற இடத்தில் என் அப்பாவின் எழுத்தோடு 'கி. குணபூசணி, பிரிக்பீல்ட்ஸ்' என்று போட்டேன்.

"உமக்கென்ன பைத்தியமோ? எங்க போறீர்?"

"போஸ்ட் பண்ண."

முப்பத்தொரு கடிதத்தையும் போட்ட அதே தபால் பெட்டி. வெயிலில் நடந்து போய்ப் போட்டுவிட்டுத் திரும்பினேன். பத்திரிகைக்காரர் அந்தக் கடிதத்தை வெளியிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு அவர் வேறு கசெட் கொண்டு வந்தார். கடலில் எண்ணெய் கொட்டிச் சாகிற பறவைகள். சோபாவில் பக்கத்து இடத்தைத் தட்டி, "வாரும் குணம், தொடங்கப் போகுது" என்றார்.

நான் குடையை எடுத்துக்கொண்டு கிள்ளான் பஸ்ஸுக்குப் போனேன்.